வெளியிணைப்பு டிவிடி ரைட்டரின் நிலைப்பொருளை மாற்றலாமா? மல்லாவித் தம்பிக்கு ஒரு பதில்

மல்லாவியில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கனடாவிலிருந்து வந்த அக்கா கொடுத்த மெல்லிய வெளியிணைப்பு டிவிடி ரைட்டர் ஒன்றில்தான் ஐந்து வருடமாகக் கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து வருகிறார். இரண்டு மாதமாகப் பத்து இறுவட்டுக்கு மூன்று வீணாகிறது. சில, தொடங்கியதுமே 'பவர் கலிப்ரேஷன்' பிழை என்று சொல்லி நின்றுவிடுகின்றன. சில, 90 வீதம் ஓடிய பிறகு விழுகின்றன. வவுனியாவில் இருக்கும் நண்பர் 'ஃபேர்ம்வெயாரை (நிலைப்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறார்) மாற்று, சரிவரும்' என்கிறார். இணையத்தில் தேடியபோது ஏறத்தாழ அதே மாதிரி (மொடல்) எண்ணுக்கு ஒரு கோப்பும் கிடைத்திருக்கிறது. அடுத்த கிழமை ஐம்பது வட்டு கொடுத்தாக வேண்டும். மாற்றலாமா, கூடாதா?

தம்பி, அந்தக் கோப்பைத் தொடாதீர்கள். 'ஏறத்தாழ அதே எண்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த 'ஏறத்தாழ' என்ற சொல்தான் ஒரு நல்ல ரைட்டரைக் கல்லாக்கிவிடும். சரியான எண்ணுக்குரிய கோப்பாகவே இருந்தாலும், ஐம்பது வட்டும் கைமாறும்வரை பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்கள் நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'மாற்றவே கூடாது' என்று சொல்பவனும் அல்ல நான். எப்போது மாற்ற வேண்டும் என்பது தெரிய, அந்த நிலைப்பொருள் என்ன வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

கணினியில் இருக்கும் எழுதும் மென்பொருள், 'இந்தத் தரவை இந்த வேகத்தில் எழுது' என்று மட்டுமே சொல்கிறது. லேசரை எந்த வலுவில் எரிப்பது, ஒவ்வொரு துடிப்பையும் எவ்வளவு நேரம் விடுவது, எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதெல்லாம் ரைட்டருக்குள் ஒரு சிறிய சில்லில் ('சிப்') இருக்கும் நிரலின் பொறுப்பு. அதைத்தான் நிலைப்பொருள் என்கிறோம். அதற்குள் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. இன்ன தொழிற்சாலையின் இன்ன வட்டுக்கு இன்ன விதமாக எழுது என்ற பட்டியல்.

சோறு காய்ச்சுபவருக்கு இது உடனே விளங்கும். ஆட்டக்காரிக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு, சம்பாவுக்கு ஒரு கணக்கு, மொட்டைக்கறுப்பனுக்கு இன்னொன்று. பழகிய அரிசி என்றால் அம்மா கண்ணால் பார்த்தே உலை வைத்துவிடுவார். புது அரிசி வந்தால் ஒரு பொதுக் கணக்கில் வைத்துவிட்டு, நடுவில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். ரைட்டரும் அதைத்தான் செய்கிறது. நீங்கள் வெற்று வட்டை வைத்தவுடன், உள்வளையத்தில் தொழிற்சாலையே பதித்துவிட்ட குறியீட்டை வாசிக்கிறது. 'எம்சிசி 03ஆர்ஜி20' என்று இருந்தால் அது மிட்சுபிஷி கெமிக்கல் வகுத்த 16 மடங்கு வேக டிவிடி-ஆர். 'டிஒய்ஜி03' என்றால் ஜப்பானின் தையோ யூடென். 'சிஎம்சி மேக். ஏஎம்3' என்றால் தாய்வானின் சிஎம்சி. பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் அதற்குரிய கணக்கை எடுக்கிறது. இல்லாவிட்டால் பொதுக் கணக்கு, பெரும்பாலும் குறைந்த வேகம். எழுதத் தொடங்குமுன், இதற்கென்றே ஒதுக்கிய ஓரிடத்தில் லேசரைப் பல வலுவில் எரித்துப் பார்த்துச் சரியானதைத் தெரிவு செய்கிறது. இதுதான் பருக்கையை நசுக்கிப் பார்ப்பது. உங்கள் கணினி சொல்லும் 'பவர் கலிப்ரேஷன்' பிழை இந்தக் கட்டத்தில் வருவது: 'எந்த வலுவில் எரித்தாலும் எனக்குத் திருப்தியில்லை' என்று ரைட்டர் கையை விரிக்கிறது.

ஆகவே ஒரு புதிய நிலைப்பொருள் செய்யக்கூடிய முதன்மையான நன்மை, பட்டியலில் புதிய வட்டுகளைச் சேர்ப்பதும் பழைய கணக்குகளைத் திருத்துவதும். எப்போதாவது ஒரு வழுவையும் நீக்கலாம். தேய்ந்த லேசருக்கு உயிர் கொடுக்காது. தூசி துடைக்காது. மின்சாரம் போதாமல் தவிக்கும் ரைட்டருக்கு மின்சாரம் ஊட்டாது. ஐந்து வருடம் ஒழுங்காக எழுதிய இயந்திரம் இரண்டு மாதமாகத்தான் தடுமாறுகிறது என்றால், அந்த ஐந்து வருடமும் இருந்த நிலைப்பொருள்தானே இப்போதும் இருக்கிறது? அது மாறவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

மாறியிருக்கக்கூடியவற்றில் என் முதல் சந்தேகம் மின்சாரம். வீட்டு மின்சாரத்தைச் சொல்லவில்லை, யூ.எஸ்.பி. வயர் வழியாக ரைட்டருக்குப் போகும் 5 வோல்ட்டைச் சொல்கிறேன். யூ.எஸ்.பி. 2 துளை ஒன்று விதிப்படி தருவது 500 மில்லி அம்பியர், அதாவது இரண்டரை வாட். யூ.எஸ்.பி. 3 துளை 900 மில்லி அம்பியர். ரைட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பல ரைட்டர்களில் 1 அம்பியருக்கு மேல் எழுதியிருக்கும். வாசிக்கும்போது அவ்வளவு தேவைப்படாது. எழுதும்போது லேசர் முழு வலுவில் எரிய, மோட்டாரும் வேகமெடுக்க, அந்த நேரத்தில்தான் இழுவை கூடும். பல மடிக்கணினிகள் விதியை மீறித் தாராளமாகக் கொடுப்பதால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். புதுக் கணினிக்கு மாறினீர்களா? நீளமான வயர் ஒன்று வாங்கிப் போட்டீர்களா? மவுஸ், வெளி வன்தட்டு, தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே பிரிப்பானில் சொருகி, அதிலேயே ரைட்டரையும் சொருகியிருக்கிறீர்களா? கேள்வியில் நீங்கள் இதைச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் 'ரைட்டர் பழுது' என்று வந்தவற்றில் நிறையப் பேருக்கு நான் செய்து கொடுத்த திருத்தம் ஒரு குட்டை வயர்தான். அதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும்.

பரந்தன் பக்கம் ஒரு அண்ணா, மூன்று மீற்றர் வயர் போட்டு ரைட்டரை வாடிக்கையாளர் பக்கத்து மேசையில் வைத்திருந்தார், பார்வைக்கு அழகாக இருக்கும் என்று. மெல்லிய வயர் நீண்டால் 5 வோல்ட் போய்ச் சேரும்போது 5 வோல்ட்டாக இருக்காது. சீடி எழுதும், டிவிடியில் விழும். அவரும் நிலைப்பொருள் மாற்றத்தான் வந்தார். ரைட்டருடன் வந்த ஒரு முழ வயரைத் தேடிப் பிடித்துப் போட்டோம். அத்தோடு முடிந்தது. தேவைப்பட்டால் இரண்டு தலை உள்ள வயர் கிடைக்கும். இரண்டு துளையிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். தனி அடாப்டர் உள்ள பிரிப்பான் அதைவிட நல்லது.

எழுதும்போது மடிக்கணினியைச் சுவர் மின்சாரத்தில் சொருகி, பற்றரியும் நிறைந்த நிலையில் வைத்திருங்கள். சில கணினிகள் பற்றரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யூ.எஸ்.பி. துளையைத் தூங்கவைக்கும். அந்தத் தூக்கத்தை விண்டோஸின் மின்சார அமைப்புக்குள் போய் நிறுத்தலாம்.

அடுத்த சந்தேகம் வட்டு. இரண்டு மாதத்துக்கு முன் புதுக் கட்டு ஒன்று வாங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். உறையில் உள்ள பெயர் பழைய பெயராகவே இருக்கலாம். உள்ளே இருக்கும் வட்டு வேறாக இருக்கலாம். இந்தத் தொழில் சுருங்கிச் சுருங்கிப் போய்விட்டது. தையோ யூடென் 2015 முடிவோடு வட்டுத் தயாரிப்பிலிருந்து விலகியது. நம் பக்கத்துக் கடைகளில் ஒருகாலத்தில் பார்த்த மோசர் பேர் வட்டுகளைச் செய்த இந்திய நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போனது. வெர்பேட்டிம் என்ற பெயரை மிட்சுபிஷி கெமிக்கல் 2019இல் சிஎம்சிக்கு விற்றுவிட்டது. பதிவு செய்யும் புளூ-ரே வட்டுத் தயாரிப்பை சோனி 2025 பெப்ரவரியோடு நிறுத்தியது. மிஞ்சியிருக்கும் சில தொழிற்சாலைகளிலிருந்துதான் பல பெயர்களில் வட்டு வருகிறது.

அதனால் உறையை நம்பாமல் குறியீட்டைப் பாருங்கள். இம்க்பேர்ன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2013இல் வந்த 2.5.8.0 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது என்றாலும் இன்றும் என் கை அதற்குத்தான் போகிறது. வெற்று வட்டை வைத்து எழுதும் பக்கத்தைத் திறந்தால், வலப்பக்கத்தில் வட்டின் குறியீடும் அந்த வட்டுக்கு ரைட்டர் அனுமதிக்கும் வேகங்களும் வரும். நன்றாக எழுதிய பழைய கட்டிலிருந்து ஒன்று மிஞ்சியிருந்தால் அதையும் வையுங்கள். இரண்டு குறியீடும் வேறு வேறாக இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. (அந்த மென்பொருளை நிறுவும்போது அடுத்து, அடுத்து என்று கண்ணை மூடி அழுத்தாதீர்கள். வேண்டாத விளம்பர நிரல்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வரக்கூடும்.) ஒரு எச்சரிக்கை: குறியீடும் பொய் சொல்லும். நல்ல தொழிற்சாலையின் குறியீட்டைப் பதித்துக்கொண்டு வந்த போலி வட்டுகள் சந்தையில் உண்டு. அப்படியானால் ரைட்டர் சம்பா என்று நம்பித் தண்ணீர் வைக்கிறது, பானையில் இருப்பதோ வேறு அரிசி. அந்த நிலைமையில் உலகத்திலுள்ள எந்த நிலைப்பொருளாலும் ஆவதற்கு ஒன்றுமில்லை.

எந்த இடத்தில் விழுகிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. தொடக்கத்திலேயே விழுந்தால் மின்சாரம், லேசரின் வலு, ரைட்டருக்குப் பழக்கமில்லாத வட்டு ஆகிய மூன்றில் ஒன்று. உங்களுடையதுபோல் 90 வீதத்தில் விழுந்தால் பெரும்பாலும் வட்டின் வெளி ஓரம். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. வேகமும் வெளியே போகப் போகக் கூடுகிறது. மலிவு வட்டுகளில், லேசர் எழுதும் சாயப் பூச்சு ஓரத்தில்தான் சீர்கெடும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்து, 'சாதனம் காணவில்லை' என்றும் சொன்னால், அது வயர் அல்லது யூ.எஸ்.பி. துளை. உங்களுக்கு முதல் இரண்டு வகையும் கலந்து வருகிறது. ஆகவே மலிவுக் கட்டும் மெலிந்த மின்சாரமும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது என் ஊகம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 'மெதுவாக எழுதினால் நல்லது' என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. 16 மடங்குக்கென்று செய்த சாயத்தை மிகக் குறைந்த வேகத்தில் எழுதினால் சில வேளை தரம் கெடும். மெல்லிய வெளி ரைட்டர்களின் உச்சம் பொதுவாக 8 மடங்கு. நான் 4 அல்லது 6இல் எழுதுவேன். ஓரத்தில் விழும் வட்டுகளுக்கு இது பல தடவை கைகொடுத்திருக்கிறது.

பிறகு தூசி. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் வன்னியில் கிரவல் வீதிப் பக்கத்துக் கடைகளில் கண்ணாடி அலுமாரிக்குள்ளும் செம்மண் படியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய ரைட்டர்களில் லேசர் வில்லை, வெளியே இழுபடும் தட்டிலேயே இருக்கிறது. தட்டைத் திறந்தால் சிறு நீலக் கண்போல் தெரியும். நீங்கள் ஸ்டூடியோக்காரர், கமெரா வில்லைக்கு ஊதும் ரப்பர் பந்து உங்களிடம் இருக்கும். அதால் நாலு தடவை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். போகாவிட்டால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் மதுசாரம் ஒரு துளி நனைத்து, பூவைத் தொடுவதுபோல் ஒரு தடவை. நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டவே வேண்டாம்; அந்த வில்லை பெரும்பாலும் பிளாஸ்ரிக், பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும்.

இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் லேசர் தேய்ந்திருக்கலாம். இதற்கு ஒரு எளிய சோதனை. இந்தப் பெட்டிக்குள் இரண்டு லேசர் உண்டு: சீடிக்கு 780 நனோமீற்றர் அலைநீளம், டிவிடிக்கு 650 நனோமீற்றர் சிவப்பு லேசர். நல்ல சீடி ஒன்றை எழுதிப் பாருங்கள், பிறகு நல்ல டிவிடி ஒன்றை. சீடி சுகமாக எழுதி, டிவிடி எந்தக் கணினியிலும் எந்த வட்டிலும் எழுதாமல் போனால், சிவப்பு லேசர் தன் காலத்தை ஓட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் கலியாண வீடு கலியாண வீடாக எழுதிய லேசர், அதற்கு மேல் அதனிடம் என்ன எதிர்பார்ப்பது? இந்த நிலையில் நிலைப்பொருள் மாற்றுவது, ஓய்வெடுக்க வேண்டிய கிழவருக்குப் புதுச் சட்டை போட்டு வயலுக்கு அனுப்புவது போன்றது.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில், உங்கள் ரைட்டரின் அச்சொட்டான எண்ணுக்கு, இப்போது இருப்பதைவிடப் புதிய பதிப்பு இருந்து, அதோடு போட்டிருக்கும் குறிப்பு உங்கள் சிக்கலைச் சொல்கிறது என்றால் மாற்றுங்கள். நல்ல வட்டு, அதன் குறியீடும் தெரியும், வேறு ரைட்டரில் பிழையின்றி எழுதுகிறது, உங்களுடையது மட்டும் அதை அடையாளம் காணாமல் 2 மடங்கு வேகத்துக்கு மேல் போக மறுக்கிறது என்றால், அதுவும் மாற்றுவதற்கு நியாயமான காரணம். என்னிடமே அப்படி ஒரு தடவை நடந்தது. கொழும்பிலிருந்து வந்த புதுக் கட்டை ஒரு ரைட்டர் அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. நிலைப்பொருள் மாற்றியதும் அதே வட்டுக்கு 8 மடங்கு வேகம் காட்டி, அன்றைக்கே ஒரு கட்டு எழுதி முடித்தது. ஆகவே இது வெறும் மூடநம்பிக்கை அல்ல, இடம் பார்த்துச் செய்யும் வேலை. ஆனால் பல மாதிரிகளுக்குத் தயாரிப்பாளரின் கடைசிப் பதிப்பு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஐந்து வருடத்து ரைட்டரில் ஏற்கெனவே கடைசிப் பதிப்பே இருக்கக்கூடும். அப்போது கேள்வியே எழாது.

'தரம் மேம்படுத்தப்பட்டது' என்று ஒரே வரியில் முடிக்கும் குறிப்புகளுக்கு நான் அசைவதில்லை. ஒழுங்காக ஓடும் ரைட்டரில் அதற்காகக் கை வைக்க மாட்டேன். புளூ-ரே ரைட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு காரணம்: அங்கே புதிய பதிப்பு, முன்பு வாசித்த சிலவற்றை வாசிக்க விடாமல் பூட்டுவதும் உண்டு, திரும்பிப் போகும் வழியையும் அடைத்துவிடும்.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் ரைட்டர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் மேல் உள்ள பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் இயந்திரம் இன்னொன்றாக இருக்கும். விண்டோஸில் சாதன நிர்வாகிக்குள் போய்ப் பார்த்தால் 'எச்எல்-டிடி-எஸ்டி' என்று தொடங்கும் பெயர் வந்தால் அது ஹிட்டாச்சியும் எல்ஜியும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் செய்தது. 'டிஎஸ்எஸ்டி' என்றால் தோஷிபாவும் சாம்சங்கும் சேர்ந்து நடத்தியது. மாதிரி எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம். அதே எண்ணே மடிக்கணினி நிறுவனங்களுக்கென்று தனிப் பதிப்பாகவும் போயிருக்கும். அதற்குரிய நிலைப்பொருள் கடையில் விற்றதற்குப் பொருந்தாது. இம்க்பேர்னிலேயே மாதிரிப் பெயருக்குப் பக்கத்தில் இப்போதைய பதிப்பு எண் தெரியும். அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளி ரைட்டர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மடிக்கணினியில் போடும் அதே சாட்டா (கணினிக்குள் இணைக்கும் முறை) ரைட்டர். அதற்கும் யூ.எஸ்.பி. வயருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர்போல் ஒரு பாலச் சில்லு நிற்கும். உள் ரைட்டருக்கென்று வந்த நிலைப்பொருள் நிரலின் கட்டளைகளைச் சில பாலச் சில்லுகள் ஒழுங்காகக் கடத்தாது. அதனால் 'உள்ளே இருப்பது அதே இயந்திரம்தானே' என்று உள் ரைட்டரின் கோப்பைப் போடாதீர்கள். வெளி மாதிரிக்கென்று தந்த கோப்பு மட்டும்.

வேலையில் இறங்கும்போது ரைட்டருக்குள் வட்டு இருக்கக் கூடாது. பிரிப்பான் கூடாது, கணினியின் துளையில் நேரடியாகச் சொருகுங்கள். எழுதும் மென்பொருள் எல்லாவற்றையும் மூடுங்கள். கணினி தூங்கப் போகாமல் நிறுத்தி வையுங்கள். நிரல் ஓடத் தொடங்கினால் பொதுவாக ஒன்றிரண்டு நிமிடம்தான். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், நின்றுவிட்டதுபோல் தெரிந்தாலும் வயரைப் பிடுங்காதீர்கள். முடிந்ததும் கழற்றி, மீண்டும் சொருகி, பதிப்பு எண் மாறியதா என்று பாருங்கள்.

மடிக்கணினியில் செய்யுங்கள், பற்றரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள் என்பதை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பட்டவன். கிளிநொச்சியில் கடை தொடங்கிய காலத்தில், யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் ஒரு வாடிக்கையாளரின் ரைட்டருக்கு நிலைப்பொருள் மாற்றிக்கொண்டிருந்தேன். மழை இருட்டு. இடி ஒன்று விழுந்தது, விளக்குகள் ஒருமுறை சிமிட்டின, அவ்வளவுதான். மின்சாரம் அடுத்த கணமே வந்துவிட்டது. ஆனால் கணினி திரும்ப எழும்பியபோது ரைட்டர் எழும்பவில்லை. விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது, தட்டுகூடத் திறக்கவில்லை. பழைய நிரல் பாதி அழிந்து, புதிய நிரல் பாதி எழுதப்பட்ட நிலையில் அதற்குத் தான் யார் என்றே தெரியவில்லை. என் கையிலிருந்து புதிது வாங்கிக் கொடுத்தேன். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய நாட்களை எல்லோரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அறிவித்து வெட்டும் வெட்டுக்கு ஆயத்தமாக இருக்கலாம். ரைட்டரைக் கொல்வது அறிவிக்காத அந்த ஒரு சிமிட்டல்தான்.

இந்தச் சில்லு எவ்வளவு மெல்லிய இடம் என்பதற்கு ஒரு பழைய கதை. 2003இல் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 என்ற இயங்குதளம் வெளிவந்தபோது, அதை நிறுவப் போன பலரின் சீடி வாசிப்பான்கள் செத்துப் போயின. அந்த லினக்ஸ் அனுப்பிய கட்டளை, 'இடைக்கிடங்கைக் காலி செய்' என்ற சாதாரணக் கட்டளைதான். ஒரு தயாரிப்பாளரின் சில மாதிரிகள் அந்தக் கட்டளை எண்ணையே 'நிலைப்பொருளை எழுது' என்று எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்தன. யாரும் நிலைப்பொருளை மாற்ற நினைக்கவேயில்லை, மாறிவிட்டது. நினைத்துச் செய்யும் நமக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருப்பதில் தப்பில்லை.

கேள்வியின் வாலில் நீங்கள் கேட்ட மற்றதையும் சொல்லிவிடுகிறேன்: 'கனடாவில் அக்காவின் டிவிடி பெட்டியில் நான் அனுப்பிய வட்டு ஓடவில்லை, அதுவும் நிலைப்பொருளா?' இல்லை. தொலைக்காட்சிப் படத்துக்கு நம் நாட்டில் 'பால்' (PAL) என்ற முறை, வட அமெரிக்காவில் என்டிஎஸ்சி (NTSC). அங்குள்ள பல பெட்டிகள் பால் வட்டை ஓட்டாது. ஐரோப்பாவில் உள்ளவை பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். கனடாவுக்குப் போகும் வட்டை என்டிஎஸ்சியில் தனியாகச் செய்யுங்கள். பிரதேசக் குறியீடு என்று யாராவது பயமுறுத்தினால், அது கடையில் விற்கும் திரைப்பட வட்டுக்குத்தான். நீங்கள் எழுதும் கலியாண வீட்டு வட்டுக்குக் குறியீடு போட வேண்டிய தேவையே இல்லை. எழுதி முடித்ததும் வட்டை மூடவில்லை ('ஃபைனலைஸ்' செய்யவில்லை) என்றாலும் சில பெட்டிகள் அதைத் தொடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த கிழமை ஐம்பது வட்டு. இன்றைக்கே வில்லையை ஊதுங்கள். ரைட்டருடன் வந்த குட்டை வயரைத் தேடியெடுத்து, மற்றதெல்லாவற்றையும் கழற்றிவிட்டு, யூ.எஸ்.பி. 3 துளையில் நேரடியாகச் சொருகுங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வேறு தொழிற்சாலையின் வட்டு பத்து மட்டும் வாங்குங்கள், கட்டாக வாங்க வேண்டாம். குறியீட்டைப் பார்த்த பிறகு 4 மடங்கில், எழுதி முடித்ததும் சரிபார்க்கும் தெரிவையும் போட்டு ஐந்து எழுதுங்கள். ஐந்தும் பிழையின்றி வந்தால் மிச்சத்தையும் அதே தொழிற்சாலை வட்டிலேயே வாங்கி எழுதிவிடலாம். உங்கள் கடைக்குத் தகரக் கூரையென்றால் மத்தியானத்தில் எழுதாதீர்கள், சூட்டில் லேசர் சோரும். காலையிலோ இரவிலோ, மூன்று வட்டுக்கு ஒருமுறை கொஞ்சம் ஆறவிட்டு எழுதுங்கள்.

ஐந்தில் இரண்டு விழுந்தால் இரவல் ரைட்டர் ஒன்றைப் பிடித்து அந்த வேலையை முடித்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் ரைட்டரின் முழு எண், இப்போதைய பதிப்பு எண், விழுந்த வட்டின் குறியீடு, எத்தனை வீதத்தில் விழுந்தது, சீடி எழுதுகிறதா இல்லையா என்பதை எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, மாற்றலாமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் தருகிறேன்.